எல்லைக்குள் நிலப்போர்வைப் பரப்பளவு: கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டுகிறது, குவெரியும் முடியவில்லை

#1 கரைவெளி

வணக்கம் நண்பர்களே. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (வரைபட வடிவங்களைச் சேமித்துக் கணக்கிடும் டேட்டாபேஸ்) இரண்டு டேபிள் இருக்கு. ஒன்று எல்லைகள், 640 பாலிகன். இன்னொன்று நிலப்போர்வை, 22 லட்சம் பாலிகன். ஒவ்வொன்றுக்கும் காடு, பயிர்நிலம், நீர்நிலை, கட்டுமானம் என்று ஒரு வகை எண். இரண்டுமே 4326, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில். ஒவ்வொரு எல்லைக்குள்ளும் எந்த வகை எத்தனை ஹெக்டேர் இருக்கு என்பதுதான் தேவை.

இப்போதைய குவெரி: இரண்டு டேபிளையும் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் போட்டு 3857-க்கு மாற்றி, எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் வைத்து ஜாயின், பிறகு எஸ்டி_இன்டர்செக்சன் (இரண்டுக்கும் பொதுவான பகுதியை வெட்டுவது) எடுத்து அதன் எஸ்டி_ஏரியாவைக் கூட்டி, எல்லை எண், வகை எண் இரண்டின் மேல் குரூப் பை.

மூன்று சிக்கல். 6 மணி நேரம் ஓடியும் முடியவில்லை. மூன்று எல்லைக்கு மட்டும் தனியாக ஓட்டினால் கூட்டுத்தொகை எல்லைப் பரப்பில் எல்லை 17-க்கு 104 சதவீதம், 212-க்கு 107, 305-க்கு 97 என்று வருது. சில எல்லைகளில் டோபாலஜி எக்ஸப்சன் (வடிவக் கோளாறால் வெட்ட முடியவில்லை) என்று பிழை வந்து நின்றுவிடுது. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

#2 அளவுகோல்

முதலில் 3857-ஐ விடுங்கள். அது திரையில் வரைபடம் காட்டுவதற்கான புரொஜெக்சன் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை), பரப்பு அளக்க உதவாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிக்கொண்டே போகும்: அட்சரேகை 30-ல் உண்மைப் பரப்பைப் போல ஏறக்குறைய 1.33 மடங்கு, 45-ல் 2 மடங்கு, 60-ல் 4 மடங்கு. உங்கள் வகுஎண் எங்கிருந்து வருகிறது? எல்லை டேபிளில் ஏற்கெனவே ஹெக்டேர் என்று ஒரு நெடுவரிசை இருந்து, அதால் வகுத்திருந்தால் இந்த ஊதல் அப்படியே சதவீதத்தில் ஏறியிருக்கும். தொகுதியையும் பகுதியையும் ஒரே ஜியோமெட்ரியிலிருந்து, ஒரே முறையில் கணக்கிடுங்கள்.

மாற்று வழி இரண்டு.

ஒன்று, 4326-லேயே வெட்டி, பரப்பை மட்டும் ஜியாக்ரஃபி வகைக்கு மாற்றி அளப்பது. அப்போது எஸ்டி_ஏரியா கோளவடிவின் மேல் சதுர மீட்டரில் விடை தரும். வெட்டும் வேலையையே ஜியாக்ரஃபியில் செய்ய வேண்டாம். உள்ளுக்குள் அது தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு தட்டைப் புரொஜெக்சனுக்கு மாற்றி, வெட்டி, மறுபடி திருப்பிக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் இந்தப் போக்குவரத்து நடக்கும்.

இரண்டு, சமபரப்புப் புரொஜெக்சனுக்கு இரண்டு டேபிளையும் ஒரே தடவை மாற்றிச் சேமித்து வைப்பது. உலகம் முழுவதற்கும் 6933, ஐரோப்பாவுக்கு 3035, அமெரிக்கப் பெருநிலத்துக்கு 5070. யுடிஎம் (உலகை வடக்குதெற்குப் பட்டைகளாகப் பிரிக்கும் புரொஜெக்சன்) மண்டலம் ஒன்றுக்குள் எல்லாம் அடங்கினால் அதுவும் பரவாயில்லை: மைய நெடுவரையில் அளவுக் காரணி 0.9996, அதன் வர்க்கம் 0.9992. அங்கே பரப்பில் 0.08 சதவீதக் குறைவுதான்.

22 லட்சம் பாலிகனுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். உங்கள் குவெரி ஊர்வதற்கும் இதுவே பாதிக் காரணம். ஜாயின் நிபந்தனைக்குள் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால், மூல ஜியோமெட்ரி மேல் கட்டிய ஜிஸ்ட் இன்டெக்ஸ் (இடத்தை வைத்து வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது.

ஒரு நுணுக்கம். நீளமான நேர்கோட்டு விளிம்பு 4326-ல் நேராக இருந்தாலும் வேறு புரொஜெக்சனில் வளையும். ஆனால் மாற்றப்படுவது முனைப்புள்ளிகள் மட்டுமே. பக்கத்துப் பக்கத்துப் பாலிகன்கள் இரண்டில் ஒன்றுக்கு அந்த விளிம்பின் நடுவில் கூடுதலாக ஒரு முனை இருந்து மற்றதற்கு இல்லையென்றால், மாற்றியபின் நடுவே இழை போல ஒரு விரிசல் அல்லது மேல்படிவு விழும். கட்டம் கட்டமாக வெட்டிக் கொடுக்கப்பட்ட தரவில் இது சகஜம். மாற்றுவதற்கு முன் எஸ்டி_செக்மென்டைஸ் போட்டு நீண்ட விளிம்புகளை உடைத்துக்கொண்டால் விரிசல் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

#3 முடிச்சு

அளவுகோல் சொன்னது சரி. ஆனால் புரொஜெக்சன் மட்டும் காரணமென்றால் மூன்று எல்லையும் ஒரே திசையில் விலகணும். 305 குறைவாக வருதே. தரவிலேயும் கோளாறு இருக்கு.

100-க்கு மேலே போனால் மேல்படிவு: ஒரே இடத்தை இரண்டு பாலிகன் மூடுது. ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றியிருக்கலாம், அல்லது கட்டத்துக்குக் கட்டம் விளிம்பில் கொஞ்சம் மிகையாக வெட்டிக் கொடுத்திருக்கலாம். 100-க்குக் கீழே வந்தால் இடைவெளி: அந்த இடத்துக்குத் தரவே இல்லை.

இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். அதுதான் ஆபத்து. அதனாலே கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நம்பாதீங்க. ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று எண் எடுங்க: எல்லையின் பரப்பு, வெட்டின துண்டுகளோட பரப்புக் கூட்டுத்தொகை, அந்தத் துண்டுகளை எஸ்டி_யூனியன் செய்து ஒன்றாக்கினபின் வரும் பரப்பு. கூட்டுத்தொகையிலிருந்து யூனியனைக் கழித்தால் மேல்படிவு. எல்லையிலிருந்து யூனியனைக் கழித்தால் இடைவெளி. இரண்டும் தனித்தனி நெடுவரிசையாக இருக்கணும்.

ஒரு இடத்தில் மூன்று பாலிகன் அடுக்காகக் கிடந்தால் அந்தப் பரப்பு மேல்படிவுக் கணக்கில் இரண்டு முறை வரும். அது தப்பில்லை, மிகை எவ்வளவு என்றுதானே பார்க்கிறோம்.

மேல்படிந்த ஜோடிகளைத் தேட எஸ்டி_ஓவர்லாப்ஸ் போட்டுடாதீங்க. பெயரைப் பார்த்தால் அதுதான் என்று தோணும். ஆனால் ஒரு பாலிகன் இன்னொன்றுக்குள் முழுசாக அடங்கினாலோ, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலோ அது பொய் என்று சொல்லும். இரட்டைப் பதிவு முழுக்க தப்பிச்சுப் போயிடும். எஸ்டி_ரிலேட்டில் '2********' என்ற அச்சு கொடுங்க: இரண்டின் உட்பகுதிகளும் பரப்பாக வெட்டிக்கொள்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். முதல் பாலிகனின் எண் இரண்டாவதன் எண்ணைவிடச் சிறியது என்ற நிபந்தனையும், இன்டெக்ஸுக்காக && குறியும் சேர்த்துக்கோங்க, ஒவ்வொரு ஜோடியும் ஒரு தடவைதான் வரும்.

#4 சுருக்குவழி

வேகத்துக்கு வருவோம். செய்ய வேண்டிய வரிசை முக்கியம்: புரொஜெக்சன் மாற்றம், பிழைநீக்கம், சப்டிவைட், ஜிஸ்ட் இன்டெக்ஸ், அனலைஸ் (டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை). இந்த வரிசையைக் கலைக்காதீங்க. சப்டிவைட் செய்தபின் புரொஜெக்சன் மாற்றினால் வெட்டுக்கோடுகள்தோறும் மேலே சொன்ன விரிசல் வரும்.

சப்டிவைட் ஏன்? நிலப்போர்வைத் தரவில் ஒரு காடு அல்லது ஆற்றுத் தொகுதி ஒரே பாலிகனாக, பல்லாயிரம் முனைகளும் நூற்றுக்கணக்கான ஓட்டைகளுமாகக் கிடக்கும். அதன் சுற்றுச்சட்டம் பாதி வரைபடத்தை அடைக்கும். இன்டெக்ஸ் சட்டத்தைத்தான் பார்க்கும். ஆகவே எத்தனையோ எல்லைகளுக்கு அதே ராட்சதப் பாலிகனைத் தூக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் அதை வட்டிலிருந்து எடுத்து, சுருக்கத்தை விரித்து, எல்லா முனைகளையும் ஓட்டணும். எஸ்டி_சப்டிவைட் அதைத் துண்டு துண்டாக்கும். துண்டுக்கு உச்சவரம்பு இயல்பாகவே 256 முனை, அதுவே போதும். எல்லைகளும் கடற்கரை மாதிரி வளைந்து நெளிந்திருந்தால் அவற்றையும் துண்டாக்குங்க.

துண்டாக்கின டேபிளில் பரப்பைக் கூட்டலாம். பாலிகன் எண்ணிக்கையோ சுற்றளவோ எடுக்கக் கூடாது, இரண்டும் பொய் சொல்லும். அதற்கு மூல எண்ணை ஒவ்வொரு துண்டோடும் வைத்துக்கோங்க.

அடுத்தது, வெட்டவே தேவையில்லாததை வெட்டாதீங்க. பெரும்பாலான சின்னத் துண்டுகள் எல்லைக்குள் முழுசாக இருக்கும். கேஸ் வென் போட்டு, எஸ்டி_கவர்ட்பை உண்மை என்றால் துண்டை அப்படியே எடுத்துக்கோங்க, இல்லையென்றால் மட்டும் எஸ்டி_இன்டர்செக்சன்.

640 எல்லையையும் ஒரே குவெரியில் தள்ளாமல், எல்லை எண்ணை 4-ஆல் வகுத்த மீதியை வைத்து நான்கு இணைப்பில் ஓட்டி, முடிவுகளை ஒரு டேபிளில் போட்டுக்கொண்டே வாங்க. ஒன்று பிழையில் நின்றாலும் மற்றவை போகும், எது நின்றது என்றும் தெரியும். முதலில் எக்ஸ்பிளெய்ன் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) பாருங்க. நிலப்போர்வை டேபிள் மேல் இன்டெக்ஸ் ஸ்கேன் தெரியணும். சீக்வென்ஷியல் ஸ்கேன் (முழு டேபிளையும் வரிசையாகப் படிப்பது) தெரிந்தால் ஓட்டாதீங்க.

#5 கரைவெளி

நன்றி. வகுஎண் டேபிளில் இருந்த ஹெக்டேர் நெடுவரிசைதான். இப்போது இரண்டையும் சமபரப்புக்கு மாற்றி அதிலிருந்தே எடுத்தேன். முடிச்சு சொன்ன மூன்று எண், எல்லைப் பரப்பு 100 என்று வைத்தால்:

எல்லை 17: கூட்டுத்தொகை 100.0, யூனியன் 98.8
எல்லை 212: கூட்டுத்தொகை 103.0, யூனியன் 100.0
எல்லை 305: கூட்டுத்தொகை 93.3, யூனியன் 93.3

17 சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அதில்தான் 1.2 மேல்படிவும் 1.2 இடைவெளியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கு. 305-ல் காணாத பகுதி நேரான விளிம்புள்ள சதுரம். தரவின் ஒரு கட்டக் கோப்பு ஏற்றப்படவே இல்லை. 212-ல் ரிலேட் காட்டிய ஜோடிகள் எல்லாமே கட்ட விளிம்பில். டோபாலஜி பிழை மட்டும் அப்படியே இருக்கு.

#6 முடிச்சு

17-ஐப் போல எத்தனை இருக்கோ, எல்லா எல்லைக்கும் இதை ஓட்டிப் பாருங்க.

212-க்கு: மேல்படிந்த ஜோடியில் இரண்டுக்கும் ஒரே வகை எண் என்றால், கட்ட விளிம்பை ஒட்டியதை மட்டும் வகைவாரியாக யூனியன் செய்தால் தீர்ந்தது. வகை எண் மாறுபட்டால் யாருக்கு முன்னுரிமை என்று நீங்கதான் முடிவெடுக்கணும். சுலபமானது கட்டக் கோப்பின் பெயரளவு விளிம்பில் ஒவ்வொரு கட்டத்தையும் வெட்டிவிடுவது.

டோபாலஜி பிழைக்கு முதலில் எஸ்டி_இஸ்வேலிட் (வடிவம் முறைப்படி இருக்கா என்ற சோதனை) பொய் என்று விடை தரும் வரிசைகளை எஸ்டி_இஸ்வேலிட்ரீசனோடு பட்டியலிடுங்க. பெரும்பாலும் விளிம்பு தன்னைத்தானே வெட்டும் வகை. அது ஏன் பரப்பைக் கெடுக்கும் என்று ஒரு சின்னப் பாலிகனில் பார்க்கலாம். முனைகள் வரிசையாக 0 0, 10 10, 10 0, 0 10, மறுபடி 0 0. வில்முடிச்சு மாதிரி நடுவில் 5 5-ல் குறுக்கே வெட்டிக்கொள்ளும். இதற்கு எஸ்டி_ஏரியா தரும் விடை 0. ஒரு மடல் வலஞ்சுழி, இன்னொன்று இடஞ்சுழி, இரண்டும் கழிந்துவிடும். எஸ்டி_மேக்வேலிட் போட்டபின் தலா 25 பரப்புள்ள இரண்டு முக்கோணம், மொத்தம் 50. பிழைச் செய்தியே வராமல் 50 ஹெக்டேர் 0 ஆகப் பதிவாகும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டியது.

பஃபர் 0 போட்டுச் சரிசெய்யச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீங்க. இதே வில்முடிச்சில் அது ஒரு மடலைத் தின்றுவிடலாம்.

மேக்வேலிட்டிலும் இரண்டு முறை உண்டு. இயல்பான லைன்வொர்க் முறையில், பாலிகன் தன் மேலேயே மடிந்து விழுந்த பகுதி ஓட்டையாகப் போகலாம். ஸ்ட்ரக்சர் முறை அதை நிரப்பி வைத்துக்கொள்ளும். நிலப்போர்வைக்கு இதுதான் பொருத்தம். அதற்குப் போஸ்ட்ஜிஐஎஸ் 3.2-உம் ஜியோஸ் (போஸ்ட்ஜிஐஎஸ் வடிவக் கணக்குக்குப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) 3.10-உம் வேணும். எதைச் செய்தாலும் விடை சில நேரம் கோடும் பாலிகனும் கலந்த கலவையாக வரும். எஸ்டி_கலெக்சன்எக்ஸ்ட்ராக்ட்டில் 3 கொடுத்துப் பாலிகனை மட்டும் எடுங்க. முன்பரப்பு, பின்பரப்பு இரண்டையும் ஒப்பிட்டு, 1 சதவீதத்துக்கு மேல் மாறினதைக் கண்ணால் பாருங்க.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை வந்தால் போஸ்ட்ஜிஐஎஸ்_ஃபுல்_வெர்சன் ஓட்டி ஜியோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்க. 3.9-லிருந்து வெட்டும் நிரல் புதிதாக எழுதப்பட்டது, இந்த எக்ஸப்சன் பெருமளவு போய்விட்டது. போஸ்ட்ஜிஐஎஸ் 3.1 முதல் எஸ்டி_இன்டர்செக்சனுக்கு மூன்றாவதாகக் கட்ட அளவும் தரலாம். மீட்டர் புரொஜெக்சனில் 0.01 கொடுத்தால் முனைகள் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் உட்காரும்.

#7 கட்டம்_கட்டமாய்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த 22 லட்சம் பாலிகனும் முதலில் ராஸ்டராக (பிக்சல்களாலான படம்) இருந்தவைதானே? விளிம்புகள் படிக்கட்டு போல இருந்தால் நிச்சயம் அப்படித்தான். அப்படியானால் ராஸ்டரிலேயே கணக்கிடுவது எளிது. மேல்படிவு என்ற பேச்சே குறையும்.

ராஸ்டர்2பிஜிஎஸ்க்யூஎல்-ல் 256-க்கு 256 துண்டாக ஏற்றுங்கள், இன்டெக்ஸ் விருப்பத்தோடு. எல்லையும் ராஸ்டரும் ஒரே எஸ்ஆர்ஐடியில் (4326, 3857 போன்ற எண்) இருக்க வேண்டும். எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் வைத்து ஜாயின், எஸ்டி_கிளிப், எஸ்டி_வேல்யூகவுன்ட், எல்லைவாரியாகக் கூட்டல். எண்ணுவது இவ்வளவுதான்.

தவறு நடப்பது பிக்சலின் பரப்பில். ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசாவின் வேர்ல்ட்கவர் நிலப்போர்வை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தரவு என்பார்கள். உடனே பிக்சலுக்கு 100 சதுர மீட்டர் என்று பெருக்கிவிடுகிறார்கள். அது 4326-ல் இருக்கிறது. ஒரு பிக்சல் என்பது பாகையில் 12,000-இல் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் கிழக்குமேற்காக 9.28 மீட்டர், வடக்குதெற்காக 9.21 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 85.5 சதுர மீட்டர். அட்சரேகை 45-ல் 61 அளவில் வரும், 60-ல் 43 அளவில். 100 என்று பெருக்கினால் நிலநடுக்கோட்டிலேயே 17 சதவீத மிகை, 60-ல் இரண்டு மடங்குக்கும் மேல்.

தீர்வு எளிது: ஒவ்வொரு 256 துண்டுக்கும் அதன் சுற்றுச்சட்டத்தை ஜியாக்ரஃபியாக்கிப் பரப்பெடுத்து, அகலம் பெருக்கல் உயரத்தால் வகுத்து, அந்தத் துண்டின் பிக்சல் பரப்பாக ஒரு நெடுவரிசையில் வையுங்கள். துண்டின் உயரம் 0.02 பாகைக்குச் சற்று மேல்தான். அட்சரேகை 60-ல் கூடத் துண்டின் நடுவுக்கும் விளிம்புக்கும் வித்தியாசம் 0.03 சதவீத அளவுதான்.

ராஸ்டரைச் சமபரப்புக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால் நியரஸ்ட் நெய்பர் (அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுப்பது) மட்டும். பைலீனியர் போட்டால் எண்களைச் சராசரி செய்யும். வேர்ல்ட்கவரில் மரம் 10, கட்டுமானம் 50. இரண்டுக்கும் நடுவே பிறக்கும் 30 புல்வெளி. தோப்பை ஒட்டிய வீடுகளைச் சுற்றி இல்லாத புல்வெளி வளையம் முளைக்கும்.

#8 கரைவெளி

ராஸ்டரும் கையில் இருக்கு. ஆனால் எல்லைகளில் சில ரொம்பச் சின்னது, 1 ஹெக்டேருக்குப் பக்கத்தில். அதற்கும் பிக்சல் எண்ணலாமா?

#9 கட்டம்_கட்டமாய்

அங்கே எச்சரிக்கை வேண்டும். 10 மீட்டர் பிக்சலில் 1 ஹெக்டேர் சதுரம் என்றால் 100 பிக்சல். அதில் 36 ஓரப் பிக்சல். 1 சதுர கிலோமீட்டர் என்றால் 10,000-இல் 396, நான்கு சதவீதம். எஸ்டி_கிளிப் பொதுவாகப் பிக்சலின் மையம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து முழுதாக எடுக்கும் அல்லது முழுதாக விடும். பெரிய எல்லையில் கூட்டலும் கழித்தலும் சரியாகிவிடும், சின்னதில் ஆகாது.

சின்னதற்கு, தொடும் துண்டுகளை மட்டும் எஸ்டி_டம்ப்அஸ்பாலிகன்ஸ் கொண்டு பாலிகனாக்கி வெட்டுங்கள். அல்லது டேட்டாபேஸுக்கு வெளியே எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் கருவி இருக்கிறது; ஒவ்வொரு பிக்சலும் எத்தனை பங்கு எல்லைக்குள் இருக்கிறது என்று கணக்கிட்டு எடை கொடுக்கும். ஓரப் பிக்சல் சிக்கலுக்கு அதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியாது.

நோடேட்டாவிலும் (தரவு இல்லாத பிக்சலைக் குறிக்கும் மதிப்பு) ஒரு பொறி. எஸ்டி_வேல்யூகவுன்ட் இயல்பாகவே நோடேட்டாவை விட்டுவிடும், ஆகவே தரவில்லாத இடம் சத்தமில்லாமல் மறையும். சேர்த்து எண்ணச் சொன்னாலும் பயனில்லை: கிளிப் செய்தபின் எல்லைக்கு வெளியே உள்ள பிக்சல்களும் நோடேட்டாவாகவே நிற்கும். முடிச்சு சொன்னதுபோல எல்லைப் பரப்போடு ஒப்பிடுவதுதான் வழி. ராஸ்டருக்கு நோடேட்டா மதிப்பு குறிக்கப்படாமல் இருந்தால் கிளிப் அந்தப் பிக்சல் வகையின் மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளும். எதிர்மறை எண் இல்லாத 8 பிட் ராஸ்டரில் அது 0. உங்கள் வகை எண்களில் 0 உண்மையான வகையாக இருந்தால் அந்த வகையே காணாமல் போகும்.

#10 அளவுகோல்

சின்ன எல்லை விஷயத்தில் இன்னொன்று. கருவி எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் தரவுக்கென்று ஒரு நுண்மை உண்டு. ஐரோப்பாவின் கொரின் வரைபடத்தில் மிகச் சிறிய பாலிகனே 25 ஹெக்டேர். 40 ஹெக்டேர் எல்லைக்குள் அதை வெட்டி "பயிர்நிலம் 100 சதவீதம்" என்று எழுதினால், அதற்குள் 10 ஹெக்டேர் தோப்பு இருக்கலாம், வரைபடம் அதைச் சொல்லாது.

வகைப்படுத்தலிலும் பிழை உண்டு. புதர்க்காட்டை மரமென்று குறித்த பிக்சல்களும் மரத்தைப் புதரென்று குறித்தவையும் சம அளவில் இருந்தால் மொத்தம் தப்பும். இல்லையென்றால் பிக்சல் எண்ணிக்கை ஒருபக்கம் சாயும், எத்தனை கோடிப் பிக்சல் எண்ணினாலும் சாய்வு போகாது. அதைத் திருத்த, வகைவாரியாக மாதிரிப் புள்ளிகள் எடுத்து உண்மையோடு ஒப்பிட்டுப் பரப்பை மதிப்பிட வேண்டும். டேட்டாபேஸில் தீராது அது. ஆனால் ஹெக்டேரை இரண்டு தசமத்தில் எழுதும் முன் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

வேர்ல்ட்கவரின் 2020, 2021 இரண்டையும் கழித்து "ஓராண்டில் காடு இவ்வளவு குறைந்தது" என்று எழுத நினைத்தால் வேண்டாம். இரண்டு பதிப்புக்கும் கணிப்புமுறை மாறியிருக்கிறது. வித்தியாசத்தில் நிலத்தின் மாற்றமும் முறையின் மாற்றமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும்.

#11 கரைவெளி

பெரிய எல்லைகளுக்கு ராஸ்டர், சின்னதுக்குப் பாலிகன் என்று பிரித்து ஓட்டினேன். ராஸ்டர் பக்கம் பிக்சல் பரப்பைத் துண்டுவாரியாக வைத்தேன், பாலிகன் பக்கம் மேக்வேலிட், சப்டிவைட், கவர்ட்பை எல்லாம் வரிசைப்படி. 6 மணி நேரத்தில் முடியாதது 11 நிமிடத்தில் முடிந்தது, எக்ஸப்சன் எதுவும் இல்லை. விடுபட்ட கட்டத்தையும் ஏற்றியாச்சு.

இப்போது 305 மட்டும் 99.6-ல் நிற்குது. மேல்படிவு 0, இடைவெளி 0.4. இடைவெளியை வரைந்து பார்த்தால் கரையோரம் நீளமான பட்டை. எல்லைக்கோடு நீருக்குள் போகுது, நிலப்போர்வை கரையிலேயே முடியுது. எல்லா வகையையும் 99.6-ஆல் வகுத்து 100 ஆக்கிவிடலாமா?

#12 முடிச்சு

கூடாது. அப்படி வகுத்தால் அந்தப் பட்டையில் காடும் பயிரும் வீடும் விகிதப்படி இருக்கு என்று ஆகிடும். அங்கே இருக்கிறது தண்ணீர். "தரவு இல்லை" என்று ஒரு வகை எண் புதுசாகக் கொடுத்து, எல்லையிலிருந்து யூனியனைக் கழித்த பரப்பை அந்த வரிசையில் போடுங்க. 640 எல்லைக்கும் அந்த வரிசை இருக்கட்டும், 0 ஆக இருந்தாலும்.